பள்ளியில் ஏடும் இசையும்



ஓர் உயர்நிலைப் பள்ளியின் கால அட்டவணையை எடுத்துப் பாருங்கள். மொழி, கணக்கு, அறிவியல், வரலாறு ஆகியவை பல கட்டங்களில் இடம் பெற்றிருக்கும். ஏதோ ஒரு மூலையில், பெரும்பாலும் பிற்பகலின் கடைசி மணியில், நூலகம் என்று ஒரு கட்டம் இருக்கும். இசை என்றோ கலை என்றோ மற்றொரு கட்டம் இருக்கும். தேர்வு நெருங்க நெருங்க இவ்விரண்டு கட்டங்களும் கணக்காசிரியருக்கோ அறிவியல் ஆசிரியருக்கோ கடனாகக் கொடுக்கப்படுகின்றன. அந்தக் கடன் திரும்பி வருவதில்லை. இவ்விரண்டு கட்டங்களைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

"தேர்வுதானே பிள்ளையின் வாழ்வைத் தீர்மானிக்கிறது? அதற்காக ஒரு மணி நேரம் விட்டுக்கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?" என்று பெற்றோர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் யாருக்குக் குறைகிறது என்று பார்க்க வேண்டும். வீட்டில் அலமாரி நிறைய நூல்கள் உள்ள பிள்ளைக்கு, மாலையில் வீணையோ வயலினோ கற்பிக்க ஆசிரியர் வந்துபோகும் பிள்ளைக்கு, அந்தக் கட்டம் போனால் பெரிய இழப்பில்லை. விடியுமுன் கூலி வேலைக்குப் புறப்படும் பெற்றோரின் பிள்ளைக்கோ, பாடநூல் அல்லாத ஒரு நூலைக் கையில் எடுக்கவும், ஒரு சுருதியோடு தன் குரலைச் சேர்த்துப் பார்க்கவும் பள்ளியை அன்றி வேறிடம் இல்லை. ஆகவே அட்டவணையிலிருந்து ஒரு கட்டத்தை அழிக்கும்போது, இல்லாதவன் கையில் இருப்பதைத்தான் நாம் பறிக்கிறோம்.

முதலில் வாசிப்பைப் பார்ப்போம். சீர்காழியிலே பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன் சென்னையில் கணக்காசிரியராக இருந்தவர். 1924ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராக வந்த அவர், 1931இல் நூலக இயலுக்கு ஐந்து விதிகளை வகுத்துத் தந்தார். நூல் இருப்பது பயன்படுவதற்காகவே என்பது அவற்றுள் முதல் விதியின் கருத்து. அதே 1931ஆம் ஆண்டில் மன்னார்குடிப் பக்கத்துச் சிற்றூர்களுக்கு மாட்டுவண்டியில் நூல்கள் சென்றன. வண்டி ஏறி நூல் வாசகரைத் தேடிப்போன நாடு இது. நூலக நேரத்தைக் கடன் வாங்கும் கணக்காசிரியர்கள், இந்தக் கணக்காசிரியரைச் சற்றே நினைத்துப் பார்க்கலாம்.

பல பள்ளிகளில் நூல்கள் இல்லாமல் இல்லை. பூட்டிய அலமாரிக்குள் இருக்கின்றன. பூட்டுவதற்குக் காரணமும் உண்டு. ஆண்டு முடிவில் இருப்பைச் சரிபார்க்கும்போது ஒரு நூல் குறைந்தால், பொறுப்பாசிரியர் விடை சொல்ல வேண்டும். ஆதலால் தொடப்படாத நூலே பத்திரமான நூல் என்று ஆகிவிடுகிறது. படித்துப் படித்துக் கிழிந்த நூலுக்காக ஆசிரியரைப் பாராட்டும் வழக்கம் வந்தாலன்றி, இந்தப் பூட்டுத் திறக்காது.

நேரம் இல்லை என்பது மற்றொரு தடை. இதற்கு ஜப்பான் நாட்டில் கண்ட வழி எளியது. 1988ஆம் ஆண்டில் சீபா மாநிலத்து மகளிர் உயர்நிலைப் பள்ளி ஒன்றில், காலை வகுப்புகள் தொடங்குமுன் பத்து நிமிடம் வாசிக்கும் வழக்கத்தை ஆசிரியர்கள் தொடங்கினார்கள். அதற்கு நான்கே நெறிகள். எல்லாரும் வாசிக்க வேண்டும். நாள்தோறும் வாசிக்க வேண்டும். விரும்பிய நூலை வாசிக்கலாம். வாசித்தால் மட்டும் போதும். நான்காவது நெறியை உற்று நோக்குங்கள். சுருக்கம் எழுத வேண்டாம், மதிப்புரை வேண்டாம், மதிப்பெண்ணும் வேண்டாம். 'எல்லாரும்' என்பதில் ஆசிரியரும் அடங்குவார். நாடெங்கும் ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்கு இவ்வழக்கம் பரவியது. நாள் ஒன்றுக்குப் பத்து நிமிடம் என்றால், பள்ளி நடக்கும் 200 நாளில் 2,000 நிமிடம். அதாவது முப்பத்து மூன்று மணி நேரத்துக்கும் மேல். ஒரு மாணவன் ஆண்டுக்குப் பல நூல்களைப் படித்து முடிக்க இது போதும்.

இனி இசைக்கு வருவோம். இசை என்றவுடன் விலையுயர்ந்த கருவிகளை நினைத்து அஞ்ச வேண்டியதில்லை. அங்கேரி நாட்டு இசைப் பேரறிஞர் சோல்தான் கோதாய், குழந்தைக்கு முதற்கருவி அதன் குரலே என்று கொண்டவர். ஊர் ஊராகச் சென்று உழவர் பாடல்களைத் திரட்டி, தாய்மொழியைப் போலவே தாய்நாட்டுப் பாட்டிலிருந்துதான் இசைக்கல்வி தொடங்க வேண்டும் என்றார். அவர் பிறந்த கெச்கெமேத் நகரில் 1950ஆம் ஆண்டில் இசையை அடிப்படையாகக் கொண்ட தொடக்கப் பள்ளி ஒன்று ஏற்பட்டது. நம்மிடம் தாலாட்டு இல்லையா? கும்மியும் நடவுப் பாட்டும் ஏற்றப் பாட்டும் இல்லையா? ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையைப் போட ஒரு கையும் தொடையும் போதும். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழிசைக்கும் தமிழிலே பெயர் வைத்த மரபு நம்முடையது.

உயர்நிலைப் பள்ளிக்கே உரிய இடர் ஒன்று உண்டு. 13, 14 வயதில் சிறுவனின் குரல்வளை விரைவாக வளர்கிறது. குரல்நாண்கள் நீண்டு தடிக்கின்றன. குரல் ஏறத்தாழ ஒரு தாயி கீழே இறங்குகிறது. நேற்றுவரை இறைவணக்கம் பாடிய பையன் இன்று வாய் திறந்தால் குரல் பிளக்கிறது. வகுப்பு சிரிக்கிறது. அன்று மூடிய வாயைச் சிலர் வாழ்நாள் முழுவதும் பாட்டுக்காகத் திறப்பதில்லை. அந்த நாளில் அருகே ஓர் இசையாசிரியர் இருந்தால், "இது நோயன்று, வளர்ச்சி" என்று சொல்லுவார். சுருதியைத் தாழ்த்தி வைப்பார். குரல் நிலைபெறும் வரையில் மிருதங்கத்தையோ பறையையோ கையில் கொடுப்பார். ஒரு சொல்லாலே காக்கக்கூடிய செல்வம் அது.

ஏடும் இசையும் தமிழிலே ஒரே வீட்டுப் பிள்ளைகள். வெண்பாவுக்குச் செப்பலோசை, ஆசிரியப்பாவுக்கு அகவலோசை, கலிப்பாவுக்குத் துள்ளலோசை, வஞ்சிப்பாவுக்குத் தூங்கலோசை என்று மாணவன் விடைத்தாளில் எழுதுகிறான், மதிப்பெண்ணும் பெறுகிறான். அந்த நான்கு ஓசைகளில் ஒன்றையேனும் அவன் காதால் கேட்டிருக்கிறானா? ஓசையின் பெயரை மட்டும் கற்பித்து ஓசையைக் கற்பியாமல் விடுவது, தேனின் பெயரை எழுதிக் காட்டிவிட்டுக் குடத்தை மூடிவைப்பது போன்றது. தமிழாசிரியரும் இசையாசிரியரும் வாரம் ஒருமுறை ஒரே வகுப்பில் சேர்ந்து நின்று, ஒருவர் செய்யுளைப் படிக்க மற்றவர் பண்ணோடு பாடினால், தேர்வுக்குரிய செய்யுளும் மனத்தில் நிற்கும். தேர்வு முடிந்த பின்னும் நிற்கும்.

பள்ளிகளுக்கிடையே போட்டிகள் நடக்கின்றனவே என்பர் சிலர். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022ஆம் ஆண்டு முதல் கலைத் திருவிழா நடைபெறத் தொடங்கியது; அது போற்றத்தக்கதே. ஆயினும் திருவிழா என்பது அறுவடை. மேடை ஏறுகிறவர் சிலர். கீழே அமர்ந்து கைதட்டுகிறவர் பலர். அந்தப் பலருக்கும் உழவு நடக்க வேண்டிய நிலம் அன்றாட வகுப்பறையே. கலைக்கல்வி பத்தாம் வகுப்பு வரை எல்லா மாணவர்க்கும் கட்டாயப் பாடமாக வேண்டும் என்று, 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வரைவையொட்டி அமைந்த வல்லுநர் குழுவும் பரிந்துரைத்தது.

ஆசிரியர் நியமனமும் பொருளும் அரசு செய்ய வேண்டியவை. அவற்றைக் கேட்டுப் பெற வேண்டும். அதற்காகக் காத்திராமல் ஒரு தலைமையாசிரியர் நாளையே செய்யக் கூடியவை மூன்று உண்டு. அலமாரியைத் திறந்து வைக்கலாம். காலையில் பத்து நிமிடத்தை வாசிப்புக்கு ஒதுக்கி, தாமும் ஒரு நூலோடு உட்காரலாம். ஊரிலே ஒரு நாகசுரக் கலைஞரோ, தேவாரம் பாடும் ஓதுவாரோ, கும்மி அறிந்த மூதாட்டியோ இருந்தால், அவரை வாரம் ஒருநாள் பள்ளிக்கு அழைக்கலாம்.

பெற்றோரும் ஒன்று செய்யலாம். பிள்ளை வீடு திரும்பியதும், "இன்று எத்தனை மதிப்பெண்?" என்று கேட்கும் நாவினால், "இன்று என்ன படித்தாய்? என்ன பாடினாய்?" என்றும் கேளுங்கள். அந்தக் கேள்விகளுக்குப் பல நாள் தொடர்ந்து விடை வராவிட்டால், பள்ளிக்குச் சென்று அட்டவணையின் அந்த இரண்டு கட்டங்களும் எங்கே போயின என்று பணிவோடு விசாரியுங்கள்.