மலிவு யார் தலையில்?



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது வயிற்றையும் மானத்தையும் சேர்ந்தாற்போல் பற்றிய விஷயமாகும். "பட்டணத்தில் என்ன இருக்கிறது? குடிக்கிற தண்ணீருக்கும் காசு, படுக்கிற இடத்துக்கும் காசு. கிராமத்திலோ கையில் நாலு காசு இருந்தால் காலத்தைத் தள்ளிவிடலாம். செலவு குறைந்த இடத்தில் இருப்பவன்தான் புத்திசாலி" என்று நம்மில் பலர் பேசுகிறார்கள். வாடகையையும் அரிசி விலையையும் மாத்திரம் கூட்டிப் பார்த்தால் இது வாஸ்தவமாகத்தான் தோன்றும். ஆனால், கொடுத்த காசை மாத்திரம் எழுதிவிட்டு, கொடுத்த மானத்தையும், கொடுத்த நேரத்தையும், பாழான பிள்ளைகளின் படிப்பையும் எழுதாமல் விட்டால் அது கள்ளக் கணக்கேயாகும். ஆகவே ஓர் ஊரில் வாழ்வு மலிவு என்று யாராவது சொன்னால் நாம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "அது யார் தலையில் மலிவு?" என்பதுதான்.

கிராமத்து மலிவு

கிராமத்தில் வாழ்வு ஏன் மலிவாயிருக்கிறது? கடவுள் அந்த ஊருக்கு மாத்திரம் தனியாகப் படியளந்துவிட்டாரா? இல்லை. உழைக்கிறவனுக்குக் கூலி குறைவு, அதனால் மலிவு. பெண்கள் கூலியே இல்லாமல் உழைக்கிறார்கள், அதனால் மலிவு. தண்ணீர் சுமப்பதும், விறகு பொறுக்குவதும், மாடு கன்றைப் பார்ப்பதும், கிழவர்களுக்கும் நோயாளிகளுக்கும் பணிவிடை செய்வதும் ஒரு பெண்ணின் தலையில் சுமத்தப்படுகின்றன. அதே வேலைக்குப் பட்டணத்தில் ஆள் வைத்தால் சம்பளம் கொடுத்தாக வேண்டும். ஆகவே கிராமத்தில் செலவே இல்லை என்பது பொய். அந்தச் செலவை வீட்டிலுள்ள ஒருத்தி, கணக்கில் வராமல் கொடுத்துக்கொண்டிருக்கிறாள் என்பதே மெய்.

வீட்டு வாடகை இல்லை என்கிறார்கள். சரி. ஆனால் யாருக்கு எந்தத் தெருவில் வீடு என்பது அவன் பிறக்கும்போதே முடிவாகிவிடுகிறதே! காலனியில் பிறந்தவன் கை நிறையப் பணம் வைத்திருந்தாலும் எத்தனை ஊர்களில் ஊர்த் தெருவில் ஒரு வீடு வாங்கிவிட முடியும்? 2022-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில், புதுக்கோட்டை ஜில்லா வேங்கைவயலில் தாழ்த்தப்பட்ட மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலம் கிடந்தது தெரிய வந்து, ஜில்லா கலெக்டர் நேரில் போய் விசாரித்தார். அப்போது பக்கத்து இறையூர் டீக்கடையில் அம்மக்களுக்குத் தனி டம்ளர் வைத்திருந்ததும், கோயிலுக்குள் அவர்களை விடாதிருந்ததும் வெளியாயின. கடைக்காரர் மீது வழக்கும் போடப்பட்டது. அந்த ஊரில் டீ விலை பட்டணத்தைவிடக் குறைவாகத்தான் இருந்திருக்கும். டீ மலிவுதான், டம்ளர்தான் வேறு! இந்த மலிவைச் சுயமரியாதையுள்ளவன் லாபம் என்று எழுதிக்கொள்ள முடியுமா?

கிராம வாழ்வே மேலான வாழ்வு என்று பாடியவர்களில் பெரும்பாலோர் எங்கேயிருந்துகொண்டு பாடினார்கள்? தஞ்சை ஜில்லா அக்கிரகாரங்களைப் பாருங்கள். 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே படிப்புக்கும் உத்தியோகத்துக்கும் என்று ஒவ்வொரு குடும்பமாகச் சென்னைக்குக் குடியேறிவிட்டார்கள். கிராமத்தில் செலவு குறைவு என்பது அவர்களுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். பட்டணத்தில் கூடுதலாகச் செலவாகும் காசு, பள்ளிக்கூடமாகவும் உத்தியோகமாகவும் திரும்பி வரும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். 1948-ஆம் வருஷம் நவம்பர் 4-ந் தேதி அரசியல் நிர்ணய சபையில் டாக்டர் அம்பேத்கர், கிராமம் என்பது அறியாமைக்கும் குறுகிய புத்திக்கும் இருப்பிடம் என்று கண்டித்துப் பேசினார். பெரியாரும் கிராமம், நகரம் என்ற பேதமே இருக்கக்கூடாது என்று பல மேடைகளில் சொல்லி வந்தார். கிராமத்தானைக் கண்டால் பிடிக்காததனாலா இவர்கள் இப்படிச் சொன்னார்கள்? அவனும் மற்றவனைப் போல வாழ வேண்டும் என்பதனால்தானே!

பட்டணத்து மலிவு

அப்படியானால் பட்டணம் சொர்க்கமா என்றால், சொர்க்கம் என்று ஒன்று எங்குமே இல்லை என்பவர்கள் நாம். பட்டணத்திலும், "நீங்கள் என்ன ஆளுங்கள்? கறி சாப்பிடுவீர்களா?" என்று கேட்டுவிட்டு வாடகைக்கு வீடு இல்லை என்கிற வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். என்றாலும் பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவனை யாரும் ஜாதி கேட்பதில்லை. ஓட்டலில் எல்லோருக்கும் ஒரே டம்ளர். ஒரு முதலாளி அவமானப்படுத்தினால் இன்னொரு முதலாளியிடம் போகலாம். பட்டணத்துச் செலவில் ஒரு பங்கு இந்த விடுதலைக்குக் கொடுக்கும் விலையாகும்.

ஆனால் பட்டணத்திலும் ஏழைகளுக்கென்று ஒரு தனி மலிவு கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. சென்னையில் 1970-இல் குடிசை மாற்று வாரியம் ஏற்பட்டபோது, பல இடங்களில் மக்கள் குடியிருந்த இடத்திலேயே அடுக்கு வீடுகள் கட்டிக் கொடுக்கப்பட்டன. அது நல்ல காரியம். பிறகு 2000-ஆம் வருஷம் முதற்கொண்டு கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று ஊருக்கு வெளியே ஆயிரக்கணக்கான வீடுகளைக் கட்டி ஜனங்களைக் கொண்டுபோய் வைத்தார்கள். 2015 வெள்ளத்துக்குப் பின் அடையாறு, கூவம் கரைகளிலிருந்த குடும்பங்கள் பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டன. சென்டிரல் ஸ்டேஷனிலிருந்து அது 20 கிலோ மீட்டருக்கு மேல் இருக்கிறது. வீடு கெட்டி வீடு, கட்ட வேண்டிய தொகையும் குறைவு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் கணக்கை முழுவதும் போட்டுப் பாருங்கள். பழைய இடத்துக்கே வீட்டு வேலைக்குப் போகும் ஒரு தாய்க்குப் போக இரண்டு மணி, வர இரண்டு மணி என்று வைத்துக்கொள்வோம். மாதம் 26 நாளைக்கு 104 மணி நேரம், அதாவது எட்டு மணி வேலை நாளாக 13 நாள், பஸ்ஸிலேயே போகிறது! 2021 மே மாதத்தில் சாதாரணக் கட்டணப் பஸ்களில் பெண்களுக்கு டிக்கட் வேண்டியதில்லை என்று சர்க்கார் உத்தரவிட்டது மிகவும் மெச்சத்தக்கது. அது காசைத் திருப்பிக் கொடுக்கும். நேரத்தை யார் திருப்பிக் கொடுப்பது? அந்த நேரத்தில் குழந்தையை யார் பார்ப்பது? தூரத்துக்கு அஞ்சி அவள் வேலையை விட்டுவிட்டால் குறைந்த வாடகைதான் எதற்கு உதவும்?

மலிவும் நல்வாழ்வும் சேருமா?

"ஏழைக்கு மலிவாக வேண்டுமானால் இப்படித்தான் தூரத்தில் கிடைக்கும், வேறு வழியில்லை" என்று சிலர் வேதம் போலச் சொல்லுவார்கள். வழி இருக்கிறது என்பதற்கு ஆஸ்திரியா தேசத்து வியன்னா பட்டணமே சாக்ஷி. 1919-இல் அந்த நகரசபையைக் கைப்பற்றிய சமதர்மக் கட்சியார், 1923-இல் ஒரு குடியிருப்பு வரி போட்டார்கள். சிறு வீட்டுக்காரனுக்குக் கொஞ்சம், மாளிகைக்காரனுக்கு ஏராளம். அந்தப் பணத்தைக் கொண்டு 1934-க்குள் 60,000-க்கு மேற்பட்ட வீடுகளைக் கட்டினார்கள். 1930-இல் திறக்கப்பட்ட கார்ல் மார்க்ஸ் பேரால் அமைந்த கட்டடத்தில் மாத்திரம் 1,382 வீடுகள். அதிலேயே துணி வெளுக்கும் கூடம், குளிக்கும் கூடம், குழந்தைப் பள்ளி, புஸ்தகசாலை எல்லாம் இருந்தன. அது ஊருக்கு வெளியே எங்கோ ஏரிக்கரையில் இல்லை. ரயில் ஸ்டேஷனுக்கு எதிரிலேயே இருக்கிறது. 1934 பிப்ரவரியில் பிற்போக்கு சர்க்கார் அதன்மேல் பீரங்கி வைத்துச் சுட்டது. என்றாலும் கட்டடம் இன்றும் நிற்கிறது, ஜனங்கள் குடியிருக்கிறார்கள். நகரசபைக்குச் சொந்தமான வீடுகள் இன்று 2 லட்சத்துக்கு மேல். அங்கே மலிவு பணக்காரன் கொடுத்த வரியால் வந்தது. இங்கே ஏழைத் தாயின் 13 நாளால் வருகிறது. வித்தியாசம் இவ்வளவுதான்.

ஆகவே தோழர்களே! கிராமத்தை விட்டு எல்லோரும் ஓடிவாருங்கள் என்பதல்ல நாம் சொல்லுவது. பட்டணத்து விடுதலை கிராமத்துக்குப் போக வேண்டும். பட்டணத்து ஏழைக்கு அவன் உழைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் வீடு வேண்டும். இனி "இங்கே வாழ்வு மலிவு" என்று எவர் வந்து சொன்னாலும், கூலி என்ன, டம்ளர் எத்தனை, பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம், பெண்களுக்கு ஓய்வு எத்தனை மணி என்று கேளுங்கள். ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடமும் இதையே கேளுங்கள். நாம் சொன்னோம் என்பதற்காக ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டாம். இன்று ராத்திரி வீட்டுக்குப் போய் உங்கள் வீட்டுக் கணக்கை ஒரு தடவை முழுவதும் போட்டுப் பாருங்கள். வீட்டுப் பெண்களையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு போடுங்கள். அதில் வருகிற விடை எதுவோ, அதன்படி நடவுங்கள்.