இன்று என்ன கிழமை?

"இன்று என்ன கிழமை?" என்று வினவினால் பள்ளிச் சிறுவனும் தயங்காது விடை பகர்வான். இதே வினாவைக் கணனி எவ்வாறு விடுவிக்கின்றது என்பது அறியத்தக்கது. கணனிக்கு ஞாயிறும் தெரியாது, திங்களும் தெரியாது. அது அறிந்தது எண்ணல் ஒன்றே.

யூனிக்ஸ் மரபைத் தழுவிய கணனிகள், 1970ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் திகதி கிறீனிச் நள்ளிரவைத் தொடக்கமாகக் கொண்டு செக்கன்களை எண்ணி வருகின்றன. நாள் ஒன்றுக்கு 86,400 செக்கன்கள். ஆகவே, சேர்ந்த தொகையை 86,400ஆல் வகுத்தால் கழிந்த நாட்கள் கிடைக்கும். அவற்றை 7ஆல் வகுத்து, மீதியை மட்டும் கொள்ள வேண்டும். தொடக்க நாள் வியாழக்கிழமை. அதிலிருந்து மீதியின் அளவுக்கு முன்னோக்கி எண்ணினால் கிழமை வெளிப்படும். 10,000 நாட்கள் கழிந்தன எனக் கொள்வோம். 7ஆல் வகுக்க மீதி 4. வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள் என எண்ணத் திங்கள் வருகின்றது. அந்நாள் 1997ஆம் ஆண்டு மே 19ஆம் திகதி; அது திங்கட்கிழமையே.

இக்கணக்கைச் செய்யும் கட்டளை பல கணனி மொழிகளில் ஆயத்தமாகவே உள்ளது. எனினும், அது பெரும்பாலும் விடையைப் பெயராகத் தராது எண்ணாகத் தருகின்றது. சீ மொழியில் ஞாயிறு 0, திங்கள் 1. பைதன் மொழியின் வழமையான கட்டளையிலோ திங்கள் 0, செவ்வாய் 1. ஒன்று என்ற விடை ஓரிடத்தில் திங்களையும் மற்றோரிடத்தில் செவ்வாயையும் குறிக்கின்றது. இதனை மறந்து செய்நிரல் எழுதுவோர் கணக்கிற் பிழையின்றியே விடையிற் பிழை காண்பர்.

இதனிலும் நுட்பமானது இடம் பற்றிய வினா. கொழும்பிலே திங்கள் அதிகாலை நான்கு மணி. அதே கணத்தில் உலகப் பொது நேரப்படி ஞாயிறு இரவு பத்தரை மணி. கிழமைதோறும் திங்களன்று மட்டும் உட்கொள்ள வேண்டிய மருந்தை நினைவூட்டும் செய்நிரல் ஒன்று பொது நேரத்தையே நம்பியிருந்தால், நள்ளிரவு தொடக்கம் காலை ஐந்தரை வரை அது நேற்றைய கிழமையையே கூறும். அதிகாலையில் விழித்து மருந்துண்ணும் நோயாளிக்கு இது சிறு பிழையன்று.

அவ்வாறாயின் ஐந்தரை மணியைக் கூட்டிவிட்டாற் போதாதா? போதாது. இலங்கையின் கடிகாரம் 1996ஆம் ஆண்டில் முன்னே நகர்த்தப்பட்டு, 2006ஆம் ஆண்டிலேயே பழைய நிலைக்கு மீண்டது. இடைப்பட்ட காலத்துப் பதிவொன்றை ஆராயும்போது ஐந்தரை மணி பொருந்தாது. ஆதலால், மணிக்கணக்கை அன்றி ஊரின் பெயரைச் செய்நிரலுக்கு அறிவித்தலே முறை. ஊர்தோறும் நேர்ந்த மாற்றங்களைத் தொகுத்த நேர அட்டவணை கணனிகளில் உண்டு.

பசிபிக் சமுத்திரத்துச் சமோவாத் தீவினர், அவுஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளுடன் வாணிபத்துக்கு இசைவாக, 2011ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் திகதிக் கோட்டின் மறுபுறம் தம் நாட்டைச் சேர்த்துக்கொண்டனர். 29ஆம் திகதி வியாழன் இரவு உறங்கியோர் 31ஆம் திகதி சனியன்று விழித்தனர். அவ்வாரத்து வெள்ளிக்கிழமை அங்கே உதிக்கவே இல்லை. நேற்றைய கிழமையோடு ஒன்றைக் கூட்டினால் இன்றைய கிழமை என்று எழுதப்பட்ட செய்நிரல் அங்கே தோற்றிருக்கும்.

நம் பஞ்சாங்கத்தின் ஐந்து உறுப்புகளுள் வாரமும் ஒன்று. அங்கே நாள் சூரிய உதயத்துடன் பிறக்கின்றது. கணனியிலோ நள்ளிரவில் பிறக்கின்றது. எந்த ஊர், எந்தக் கணத்தில் நாள் தொடங்கும் என்பனவற்றை மனிதனே வரையறுத்தல் வேண்டும். ஏழால் வகுத்தல் மாத்திரமே இயந்திரத்தின் பணி.