குடும்ப வாழ்வும் வீட்டுத் தையலும்

(பினாங்கு, ஜோர்ஜ்டவுனில் நடைபெற்ற தோட்ட மகளிர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நிபோங் திபாலிலிருந்தும் புக்கிட் மெர்தாஜாமிலிருந்தும் கடல் கடந்து இத்தீவிற்கு வந்திருக்கும் உங்களுள் பலர், வரும் வழியில் லெபோ பசாரிலும் லெபோ பினாங்கிலும் உள்ள துணிக்கடைகளைப் பார்த்திருப்பீர்கள். திரும்பும்போது ஒரு துண்டுத் துணியாவது வாங்காமல் போகமாட்டீர்கள் என்பதும் நமக்குத் தெரியும். ஆகவே இன்று துணியைப் பற்றியும், அதனை ஆடையாக்கும் கையைப் பற்றியும் சிறிது பேசுவோம்.

இத்தீவிற்கும் துணிக்கும் உள்ள உறவு நெடுங்காலத்தது. 1786ஆம் ஆண்டில் பிரான்சிஸ் லைட் இங்குக் குடியேற்றத்தைத் தொடங்குவதற்கு முன்னரே, சோழமண்டலக் கரையின் தமிழ் முஸ்லிம் வணிகர்கள் கெடா துறைமுகங்களுக்குத் துணி கொண்டுவந்து விற்றனர். பின்னர் அவர்கள் பினாங்கிலும் கடை விரித்தனர். நம் மலாய்ச் சகோதரர்கள் கட்டம் போட்ட கைலியைக் 'காயின் பெலேக்காட்' என்று அழைக்கிறார்கள் அல்லவா? பெலேக்காட் என்பது சென்னைக்கு வடக்கே உள்ள பழவேற்காட்டின் பெயர். அத்துணி கப்பலேறிய ஊரின் பெயரே துணிக்கும் பெயராக நிலைத்துவிட்டது. அதே கைலியை நம் வீடுகளில் உத்தரத்தில் கட்டிக் குழந்தைக்குத் தொட்டிலாக்கினோம். ஒரு துணி எத்தனை இல்லங்களை இணைத்திருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

துணியின் அருமையை நம் முன்னோர் கற்றது துன்பத்தின் வழியாகத்தான். 1941 டிசம்பர் முதல் 1945 செப்டம்பர் வரை நீடித்த ஜப்பானியர் ஆட்சியில் துணி வரத்து நின்றது. கோணிச்சாக்கைப் பிரித்து ஆடையாகத் தைத்து உடுத்திய குடும்பங்கள் பல. சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட தோட்டத்துத் தமிழர்களும் அந்நிலையில்தான் வாழ்ந்தனர். அந்நாளில் ஓர் ஊசியைத் தொலைத்தவர், அதனைத் தேடாமல் உறங்கச் சென்றிருக்க முடியாது.

இன்று துணிக்குப் பஞ்சமில்லை. தைத்த ஆடைகள் மலிவு விலையில் சந்தையில் குவிந்து கிடக்கின்றன. அப்படியிருக்க, வீட்டில் ஏன் தைக்க வேண்டும் என்று இளம்பெண்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். இதற்கு விடை கூறுமுன், நாம் ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில் கண்ட ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல விரும்புகிறோம்.

1970ஆம் ஆண்டு முதல் நம் நாட்டு அரசாங்கப் பள்ளிகளில் ஒரே வகைச் சீருடை நடைமுறையில் உள்ளது. செல்வர் பிள்ளையும் தொழிலாளர் பிள்ளையும் ஒரே வகை உடையில் அமர வேண்டும் என்பது அதன் நன்மைகளுள் ஒன்று. ஆயினும் நம் வகுப்பில் ஒரு சிறுவன் எப்போதும் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்தபடியே நிற்பான். எழுதும்போதுகூட இடது கையை எடுக்கமாட்டான். ஒருநாள் புத்தகம் நழுவி விழுந்தது. சட்டைப்பைக்குக் கீழே சதுரமான ஓர் ஒட்டு இருந்தது. அருகில் சென்று பார்த்தோம். இழைக்கு இழை பொருந்த, சட்டையின் உள்மடிப்பிலிருந்தே வெட்டியெடுத்த துணியால், கண்ணுக்குத் தெரியாத சிறு தையலாக அது போடப்பட்டிருந்தது. "இதைத் தைத்தவர் யார்?" என்று கேட்டோம். "அம்மா" என்றான் தலைகுனிந்து. பால்மரம் வெட்டிவிட்டு வந்து, இரவில் தைத்திருக்கிறார் அத்தாய். அச்சிறுவனை வகுப்பின் முன் நிறுத்தி, "இத்தகைய தையலை நமக்குப் போடத் தெரியாது; உன் அம்மாவிற்குத் தெரிந்திருக்கிறது" என்று கூறினோம். மறுநாள் அவன் புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டு வந்தான்.

அன்று நாம் ஒன்றை உணர்ந்தோம். வீட்டுத் தையல் வறுமையின் அடையாளம் அன்று. அது ஒரு தொழிற்றிறன். திறன் என்று மதிக்காதபோதுதான் அது வெட்கத்திற்குரியதாகத் தோன்றுகிறது. ஆகவே முதலில் அத்திறனைச் செம்மையாகக் கற்போம். பின்னர் அதற்குரிய மதிப்பைக் கேட்போம்.

கற்க வேண்டியவை கடினமானவை அல்ல. பருத்தித் துணியை வாங்கியவுடன் வெட்டலாகாது. ஒருமுறை நனைத்து உலர்த்தி, சுருங்க வேண்டிய அளவு சுருங்கிய பின்னரே அளவெடுக்க வேண்டும். வளரும் பிள்ளையின் சீருடையில் கீழ்மடிப்பை இரண்டு அங்குலமாவது விட்டுவையுங்கள். அடுத்த ஆண்டு மடிப்பைப் பிரித்து இறக்கிவிடலாம். பழைய மடிப்பின் கோடு தெரிந்தால், வெள்ளை வினிகரில் நனைத்த துணியை அதன்மேல் வைத்து இஸ்திரி போட, கோடு பெரும்பாலும் மங்கிவிடும். கிழிந்த ஆடையைத் துவைப்பதற்கு முன் தைத்துவிடுங்கள். கிழிசலோடு துவைத்தால் அது மேலும் பெரிதாகும். படுக்கை விரிப்பு நடுவில் நைந்து, ஓரங்கள் உறுதியாக இருந்தால், அதனை நீளவாக்கில் இரண்டாகக் கிழித்து, வெளி ஓரங்களை நடுவில் சேர்த்துத் தையுங்கள். நைந்த பகுதி பக்கங்களுக்குப் போய்விடும். விரிப்பு இன்னும் சில காலம் உழைக்கும். பழைய பருத்திச் சேலையோ, பலமுறை துவைத்து மென்மையானது; பச்சிளங் குழந்தையின் விரிப்புக்கு அதைவிட நல்ல துணி கிடைப்பது அரிது.

தையல் இயந்திரம் வைத்திருப்போருக்கு ஒரு சொல். தையல் விட்டுவிட்டு விழுந்தால், இயந்திரம் பழுதாகிவிட்டது என்று உடனே எண்ண வேண்டாம். பெரும்பாலும் ஊசிதான் மழுங்கியிருக்கும். மெல்லிய துணிக்கு 11ஆம் எண், நடுத்தரத் துணிக்கு 14, ஜீன்ஸ் போன்ற தடித்த துணிக்கு 16 என்று ஊசியை மாற்றிப் பயன்படுத்துங்கள். பாபின் இருக்கும் இடத்தில் சேரும் நூல்தூசியைத் துடையுங்கள். எண்ணெய் விட வேண்டிய இயந்திரமாயின் ஒரு சொட்டுப் போதும்.

இனி, இயந்திரம் வாங்க எண்ணுவோருக்கு. அமெரிக்காவில் ஐசக் சிங்கர் தம் தையல் இயந்திரத்திற்கு 1851ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். அன்றைய குடும்பங்களுக்கு அதன் விலை எட்டாததாக இருந்தது. எனவே 1856ஆம் ஆண்டில் அவர் நிறுவனம் தவணை முறையில் விற்கத் தொடங்கிற்று. முன்பணம் கட்டி வீட்டிற்கு எடுத்துச் சென்று, மாதந்தோறும் கடனை அடைக்கும் முறை அப்படித்தான் உலகெங்கும் பரவியது. ஏழைக் குடும்பங்களின் வீட்டிற்கு இயந்திரத்தைக் கொண்டு சேர்த்ததும் தவணைதான். கணக்குப் பார்க்காதவர்களைக் கடனில் ஆழ்த்தியதும் தவணைதான்.

ஓர் எடுத்துக்காட்டு கூறுவோம். ரொக்க விலை 800 ரிங்கிட் உள்ள இயந்திரத்தை, மாதம் 60 ரிங்கிட் வீதம் 18 மாதம் கட்டி வாங்குவதாக வைத்துக்கொள்வோம். கூட்டிப் பாருங்கள்: 1,080 ரிங்கிட். தவணைக்காக மட்டும் 280 ரிங்கிட் கொடுக்கிறோம். "மாதம் அறுபதுதானே" என்ற சொல்லில் இது மறைந்துவிடுகிறது. நம் நாட்டின் 1967ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டத்தின்படி, அவ்வகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதன் நகல் உங்களுக்குத் தரப்பட வேண்டும். எழுத்து மூலமான முன்னறிவிப்பு இன்றி, தவணை தவறிவிட்டது என்று பொருளை எடுத்துச் சென்றுவிட முடியாது. ஆகவே படிக்காமல் கையொப்பமிட வேண்டாம். ஐயம் இருந்தால், பயனீட்டாளர் உரிமைக்காக அரை நூற்றாண்டிற்கும் மேலாகப் பாடுபட்டுவரும் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இதே நகரில்தான் உள்ளது, கேட்டுத் தெளியலாம்.

இனி மதிப்பைப் பற்றிக் கூறுவோம். தீபாவளிக்கு முந்திய இரவை நினைவுகூருங்கள். கணவர் சட்டை தயார். பிள்ளைகள் உடை தயார். பக்கத்து வீட்டாரின் ரவிக்கைகளும் தயார். தைத்தவரின் ரவிக்கை மட்டும் வெட்டிய துண்டாகவே கூடையில் கிடக்கும். விடியற்காலையில் அவர் பழைய ரவிக்கையை உடுத்திக்கொண்டு பலகாரம் பரிமாறுவார். இதனை நாம் தியாகம் என்று புகழ்கிறோம். புகழ்வது எளிது. ஆயின் அந்தக் கூடையைப் பார்த்தும் பாராதது போல் இருந்தவர்கள் யார்? குடும்பத்தார் அனைவரும்தானே!

ஆகவே சில வேண்டுகோள்களை முன்வைக்கிறோம். முதலாவதாக, ஒரு கணக்குப் புத்தகம் வையுங்கள். துணி, நூல், மின்சாரம் ஆகியவற்றோடு, தைத்த மணி நேரத்தையும் எழுதுங்கள். அண்டை வீட்டாருக்குத் தைக்கும்போது, "கொடுக்கிறதைக் கொடுங்கள்" என்று சொல்லாதீர்கள். உங்கள் நேரத்திற்கு நீங்களே விலை வைக்காவிட்டால் வேறு யாரும் வைக்கமாட்டார்கள். அப்பணத்தில் ஒரு பகுதி உங்கள் பெயரிலேயே சேமிப்புக் கணக்கில் சேரட்டும்.

இரண்டாவதாக, தைப்பவரின் உடல்நலம் குடும்பத்தின் பொறுப்பு. மங்கிய விளக்கில், குனிந்த முதுகோடு, நள்ளிரவு வரை தைக்க விடலாகாது. பகலொளி விழும் சன்னலோரத்தில் இயந்திரத்தை வையுங்கள். அவர் தைக்கும் மாலையில் அடுப்பை மற்றவர் பார்த்துக்கொள்ளட்டும். இல்லத்தரசிகள் சமூகப் பாதுகாப்புச் சட்டம் 2022 டிசம்பர் முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. 55 வயதை எட்டாத இல்லத்தரசிக்காக ஆண்டிற்கு 120 ரிங்கிட் சந்தா செலுத்தினால், வீட்டுப் பணியின்போது நேரும் விபத்துக்கும் உடல் ஊனத்திற்கும் சொக்சோ பாதுகாப்பு உண்டு. மாதத்திற்குப் பத்து ரிங்கிட்தான். இங்கு வந்திருக்கும் கணவன்மார்கள் இதனைக் குறித்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

மூன்றாவதாக, ஆண்பிள்ளைகளுக்கும் ஊசி பிடிக்கக் கற்றுக்கொடுங்கள். நம் நகரங்களில் தையற்கடை வைத்திருப்போரில் ஆண்கள் எத்தனை பேர்! கடையில் தைத்தால் தொழில், வீட்டில் தைத்தால் பெண் வேலை என்பது என்ன நியாயம்? பத்து வயதுப் பையன் தன் சட்டைப் பொத்தானைத் தானே தைத்துக்கொண்டால், அம்மாவின் உழைப்பு எத்தகையது என்பதை அவன் விரல்நுனியே அவனுக்குச் சொல்லும்.

தாய்மார்களே, தோட்டங்களின் நிலை மாறிவிட்டது. ரப்பர் நின்ற இடங்களில் செம்பனை நிற்கிறது. நம்மவர் பலர் லயங்களை விட்டு அடுக்குமாடி வீடுகளுக்குச் சென்றுவிட்டனர். இடம் மாறினாலும் உடன் எடுத்துச் செல்லக்கூடிய சொத்து கைத்தொழில் ஒன்றே. அதனைக் கற்றுக்கொள்ளுங்கள், பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுங்கள், அதற்குரிய மதிப்பை வீட்டிலேயே முதலில் பெறுங்கள்.

இன்று திரும்பும்போது துணி வாங்குவீர்கள் என்று தொடக்கத்தில் கூறினோம். வாங்குங்கள். ஆனால் இவ்வாண்டு தீபாவளிக்கு முதலில் தைத்து முடிக்கும் ரவிக்கை உங்களுடையதாக இருக்கட்டும்.