புரியாத புத்தகமும் நமது புத்தியும்
(திருவான்மியூர்க் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



"ஜே.ஜே: சில குறிப்புகள்" என்ற நாவல் மிகவும் கடினமானதாமே, பள்ளிப்படிப்பு அதிகமில்லாத நாம் அதைத் தொடலாமா என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். தொடலாம் என்பதே நமது அபிப்பிராயம். காரணம் சொல்லுகிறோம்.

முதலில் புத்தகத்தின் சங்கதியைக் கேளுங்கள். எழுதியவர் நாகர்கோவில் சுந்தர ராமசாமி. 1981-ல் வெளியிட்டது க்ரியா பதிப்பகம். அது பிற்காலத்தில் இதே திருவான்மியூரிலிருந்துதான் நடந்தது. ஜோசப் ஜேம்ஸ் என்ற மலையாள எழுத்தாளர் 1960 ஜனவரி 5-ல் இறந்ததாகவும், அவர் மேல் மோகங்கொண்ட பாலு என்ற தமிழ் எழுத்தாளன் அவரது வாழ்வைத் தேடி அலைவதாகவும் கற்பனை. பிற்பகுதி ஜே.ஜே.யின் நாட்குறிப்பு. காதல், கலகம், கல்யாணம், சுபம் என்ற வரிசை அதில் கிடையாது. கஷ்டம் என்பது பெரும்பாலும் இதுதான்.

இதைக் கண்டு இரண்டுவித மூடத்தனம் கிளம்புகிறது. புரியவில்லை, ஆகவே உயர்ந்தது என்பது ஒன்று. இது புரியாத மந்திரத்துக்குத் தட்சணை கொடுத்த புத்தி. புரியவில்லை, ஆகவே குப்பை என்பது மற்றொன்று. இது சோம்பேறியின் புத்தி. இவ்வூரில் வால்மீகிக்குக் கோயில் இருக்கிறது. கும்பிடுகிறவர்களில் அவர் பெயரால் வழங்கும் நூலைப் படித்தவர்கள் எத்தனை பேர்? படிக்காமல் கும்பிடுவதும், படிக்காமல் தள்ளுவதும் ஒன்றேதான்.

பின் என்ன செய்வது? முப்பது பக்கம் படியுங்கள். கஷ்டம் விஷயத்திலா, வெறும் ஜம்பத்திலா என்று யோசியுங்கள். சொல் தெரியாவிட்டால், அதே க்ரியா 1992-ல் வெளியிட்ட தற்காலத் தமிழ் அகராதி இருக்கிறது. கதையாக ஓடவில்லையென்றால் ஒவ்வொரு குறிப்பாகப் படித்து வாதாடுங்கள். ஒருவர் படிக்கப் பத்துப்பேர் கேட்பது நமக்குப் புதிதா? அப்படியும் பிடிக்காவிட்டால் மூடி வையுங்கள், வெட்கப்பட வேண்டியதில்லை.

நம் பாட்டன்மாரைப் பார்த்து, "இது உனக்கானதல்ல" என்று பிறர் சொல்லி ஏட்டைத் தொடவிடாமல் தடுத்தார்கள். இன்று அப்படித் தடுப்பாரில்லாதபோது நம்மை நாமே தடுத்துக்கொள்ளலாமா என்பதே நமது கேள்வி.

நாம் சொல்லுகிறோம் என்பதற்காகவும் படிக்க வேண்டாம். உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டால் மாத்திரம் எடுத்துப் படியுங்கள்.