கோடையிலும் சத்துணவுக் கூடத்தைத் திற!

(உத்திரமேரூர் வட்டாரத்தில் விவசாயத் தொழிலாளர்களிடையே நிகழ்த்திய உரை)



ஏப்ரல் கடைசியில் பள்ளியைச் சாத்தினால் ஜூனில்தான் திறக்கிறார்கள். இந்த வெயிலில் பிள்ளைகளுக்கு விடுமுறை வேண்டியதுதான். 2024-ல் வெயில் கொடுமையால் பள்ளி திறப்பையே ஜூன் 10-க்குத் தள்ளி வைத்தார்கள். ஆனால் பள்ளியோடு சேர்த்து சத்துணவுக் கூடத்தையும் சாத்துகிறார்களே, அதைப் பற்றித்தான் இன்று பேச வேண்டும்.

கோடையில் நம் பகுதியின் நிலை உங்களுக்குத் தெரியாததல்ல. நவரை அறுப்பு முடிந்துவிடும். சொர்ணவாரி நடவு, ஏரியிலோ கிணற்றிலோ தண்ணீர் உள்ளவனுக்குத்தான். நிலமில்லாதவன் கல்குவாரிக்கும் செங்கல் சூளைக்கும் போகிறான். தாயும் விடியற்காலையில் கூடவே புறப்பட்டுவிடுகிறாள். பள்ளி நாளில் மத்தியானம் சுடுசோறும் முட்டையும் தின்ற பிள்ளை, மே மாதத்தில் பானையில் மிஞ்சிய பழையதைத் தேடுகிறது.

இது தற்செயலாக நடப்பதல்ல. சட்டமே அப்படி இருக்கிறது. 2013-ம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 5-வது பிரிவு, ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அங்கன்வாடி மூலம் இலவச உணவு உண்டு என்கிறது. பள்ளிப் பிள்ளைக்கும் தினந்தோறும் மதிய உணவு உண்டு என்று சொல்லிவிட்டு, பள்ளி விடுமுறை நாட்கள் நீங்கலாக என்று ஒரு வாலைச் சேர்த்துவிட்டார்கள். விளைவு என்ன? சில நாள் விடுமுறை போக, மே மாதத்திலும் அங்கன்வாடியில் அடுப்பு எரிகிறது. மூன்று வயதுத் தங்கை உள்ளே சாப்பிடுகிறாள். அவளை இடுப்பில் தூக்கி வந்த எட்டு வயது அக்காள் வாசலில் நிற்கிறாள்!

2004 ஏப்ரல் 20-ல், பி.யு.சி.எல். தொடுத்த வழக்கில், வறட்சி பாதித்த பகுதிகளில் கோடை விடுமுறையிலும் மதிய உணவு போட வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. கர்நாடகம் 2024-ல் வறட்சித் தாலுகாக்களில் போட்டது. சரி, சர்க்கார் வறட்சி என்று அறிவித்தால்தான் பிள்ளைக்குப் பசிக்குமா? கேரளத்தில் இடதுசாரி சர்க்கார் 2023 கோடை விடுமுறைக்குப் பிள்ளைக்கு 5 கிலோ அரிசி கொடுத்தது. கொரோனா காலத்தில், 2020-ல், மத்திய சர்க்காரே கோடை விடுமுறை உணவுக்கென்று 1,600 கோடி ரூபாய் கூடுதலாக அறிவித்தது. நம் மாநிலத்திலும் சத்துணவுக்குப் பதிலாக அரிசியும் பருப்பும் வீட்டுக்கு வந்தன. அன்றைக்கு இருந்த வழி இன்றைக்கு எங்கே போயிற்று? அமெரிக்காகூட ஏழைப் பிள்ளைகளுக்கான கோடை உணவை 1968-லேயே தொடங்கிவிட்டது.

"ரேஷனில் அரிசி சும்மா கிடைக்கிறதே, இன்னும் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. அரிசி இருக்கிறது, ஐயா! பருப்பு, முட்டை, எண்ணெய், கேஸ்? எல்லாம் இருந்தாலும் சூளையில் கல் சுமக்கிற தாய் மத்தியானம் வந்து உலை வைப்பாளா? 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் தொடங்கியபோதும் பணம் எங்கே என்று கேட்டார்கள். 1956-ல் காமராஜர் தொடங்கியதையும், 2022-ல் வந்த காலை உணவையும் நாம் வரவேற்கிறவர்கள்தான். வரவேற்பதால்தான் நாற்பது நாள் ஓட்டையை அடைக்கச் சொல்கிறோம்.

இன்னொன்று. இந்த வேலையைச் சத்துணவு ஊழியர் தலையில் சும்மா ஏற்றக் கூடாது. காலமுறை ஊதியம் கேட்டு வருஷக்கணக்காகப் போராடுகிற பெண்கள் அவர்கள். கோடை வேலைக்குத் தனிச் சம்பளம் என்பதும் நம் கோரிக்கையில் சேர வேண்டும்.

நம் ஊர்க் குடவோலைக் கல்வெட்டைப் பற்றி பிரதமர் மோடி 2020-ல் புதிய நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பேசினார். அந்தக் கல்வெட்டின்படி கால் வேலிக்கு மேல் நிலமும் சொந்த மனையில் வீடும் இல்லாதவன் பெயர் குடத்தில் விழாது! அதை மேடையில் யாரும் சொல்வதில்லை. இன்றைய கிராம சபையில் கூலிக்காரனும் கை தூக்கலாம். அதுவும் மே 1-ந் தேதி, விடுமுறை தொடங்கும் வேளையிலேயே கூடுகிறது.

ஆகவே ஒவ்வொரு ஊராட்சியிலும், பள்ளிப் பிள்ளைகள் எத்தனை பேர், அதில் தாய் தகப்பன் இருவரும் பகலில் வேலைக்குப் போகும் வீடு எத்தனை என்று தெருவாரியாகக் கணக்கெடுங்கள். அந்தத் தாளோடு சபைக்குப் போங்கள். போனவுடன் நோட்டை நீட்டிக் கையெழுத்துக் கேட்பார்கள். கோடை உணவுத் தீர்மானம் அதில் எழுதப்பட்ட பிறகு கையெழுத்துப் போடுங்கள்.