மனுவும் மனுதாரரும்



நூலகம் என்றதும் ஏடுகள் அடுக்கிய அலமாரிகளே உங்கள் மனக்கண்முன் தோன்றும். கணிப்பொறியாளர் கூறும் நூலகம் வேறு. ஒருவர் எழுதிச் சரிபார்த்த நிரற்பகுதிகளைப் பிறர் தம் நிரலோடு இணைத்துக்கொள்ள ஏதுவாக வைத்திருக்கும் தொகுப்பு அது. மூலநிரலிலிருந்து ஒரு மென்பொருளைக் கட்டுமுன், எந்தெந்த நூலகங்களை இணைப்பது என்று முடிவு செய்தாக வேண்டும். அவற்றுள் ரெகுலர் எக்ஸ்பிரஷன் நூலகங்களைப் பற்றியே இன்று பேச எண்ணினோம். 'இவ்வாறு தொடங்கி இவ்வாறு முடியும் சொல்லைத் தேடு' என்னும் கட்டளையைச் சில குறிகளால் சுருக்கி எழுதுவதே ரெகுலர் எக்ஸ்பிரஷன். எங்கள் பிரிவில் அதற்குத் 'தேடற்கோவை' என்று பெயர் வைத்திருக்கிறோம். இதனினும் நல்ல சொல் கிடைத்தால் ஏற்பதில் எமக்குத் தடையில்லை.

பழைய படிவங்களில் உள்ள 'மனு' என்ற சொல்லை 'விண்ணப்பம்' என மாற்றும் பணி ஒருமுறை எங்களிடம் வந்தது. இளம் பொறியாளர் ஒருவர் அதற்கெனச் சிறு கருவியொன்றைக் கட்டித் தந்தார். தனிச்சொல்லை மட்டும் பிடிக்கும்பொருட்டு, 'மனு'வின் இருபுறமும் சொல்லெல்லைக் குறி இட்டோம். விளைவு விந்தையாக இருந்தது. தனித்து நின்ற 'மனு' ஒன்றேனும் மாறவில்லை. மனுதாரரோ 'விண்ணப்பம்தாரர்' ஆகிவிட்டார்! அச்சுக்குப் போகுமுன் கண்டுகொண்டது எங்கள் நல்வினை.

பொறியாளர் இணைத்திருந்தது பி.சி.ஆர்.இ.2 என்னும் நூலகம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பிலிப் ஹேசல் 1997இல் தொடங்கிய பி.சி.ஆர்.இ.யின் வழித்தோன்றல்; 2015இல் வெளிவந்தது. யூனிகோடு முறையில் 'னு' என்பது ஒன்றன்று. னகரமும் உகரக் குறியும் சேர்ந்த இரண்டு. அவ்வுகரக் குறி 'எழுத்து' என்னும் வகுப்பில் இல்லை. 'சார்குறி' வகுப்பில் இருக்கிறது. எழுத்தையும் எண்ணையும் மட்டுமே சொல்லுறுப்பாகக் கொள்ளும் நூலகம், உகரக் குறிக்குப் பின் வெற்றிடம் வந்தால் எல்லையைக் காணாது. தகரம் வந்தால் எல்லை கண்டுவிடும். 2024இல் வந்த 10.43ஆம் பதிப்பு இடங்கொள்ளாக் குறிகளைச் சொல்லுறுப்பாக ஏற்றது. மெய்யின் புள்ளிக்கு அதனால் வாழ்வு வந்தது. உகரக் குறியோ இடங்கொள்ளும் குறியென வகுக்கப்பட்டிருப்பதால் இன்னும் வெளியே நிற்கிறது.

வேறு நூலகம் தேடலாமே என்பீர்கள். ஐ.சி.யு. என்பது எல்லை காணும்போது சார்குறிகளைக் கணக்கில் கொள்வதில்லை. தமிழுக்கு அது இசைவானது. ஆனால் அதன் தரவுச் சுமை பெரிது. எங்கள் சிறு கருவிக்கு யானைப் பொதி. கூகுள் 2010இல் வெளியிட்ட ஆர்.இ.2 நூலகம், உரையின் நீளத்துக்கு ஒத்த நேரத்திலேயே வேலையை முடித்துவிடும். அந்த உறுதி சிறிய வரமன்று. 2019 ஜூலை 2ஆம் நாள், பின்னோக்கித் திரும்பித் திரும்பித் தேடும் ஒரு கோவையால் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் சேவை 27 நிமிடம் முடங்கியது. எனினும் ஆர்.இ.2இன் சொல்லெல்லை ஆங்கில எழுத்துகளையே அறியும். முன்னும் பின்னும் எட்டிப் பார்க்கும் வசதியும் அதில் இல்லை.

அவ்வசதியே எமக்கு வேண்டியிருந்தது. முன்னும் பின்னும் எழுத்தோ சார்குறியோ இராத 'மனு' என்று கோவையைத் திருத்தி, பி.சி.ஆர்.இ.2ஐயே வைத்துக்கொண்டோம். கோவைகளை எழுதுபவர் நாங்களே. ஊரார் எழுதும் கோவைகளை ஏற்கும் கருவியாயின் ஆர்.இ.2ஐ இணைத்திருப்போம், அதன் குறைகளோடுங்கூட.

கட்டும்போது இன்னொரு கண்ணி உண்டு. பழைய பி.சி.ஆர்.இ. 2021இல் 8.45ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. அதில் யூனிகோடு ஆதரவைக் கட்டும்போதே கேட்டுப் பெற வேண்டும். புதியதில் அது கேளாமலே வரும். பழையது கணிப்பொறியில் எஞ்சியிருந்தால், கட்டமைவு நிரல் அதையே பற்றிக்கொள்வதும் உண்டு. ஆகவே எங்கள் பொறியாளர் இப்போது நூலகத்தின் பெயரைத் தாமே குறித்துக் கட்டுகிறார். கட்டி முடிந்ததும் 'மனு, மனுவை, மனுதாரர்' என்ற ஒற்றை வரியைக் கருவிக்குக் கொடுக்கிறோம். முதற்சொல் மட்டும் மாறி வந்தால்தான் படிவக் கட்டுகளை அவிழ்க்கிறோம்.