கட்டிலோரத்து ஸ்டூல்

பள்ளிப்பட்டுப் பக்கம் மழைக்காலம் எப்படி என்று அங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும். மேலே அம்மபள்ளி அணையைத் திறந்தால் கொசஸ்தலை ஆற்றில் தண்ணீர் ஏறும், தரைப்பாலம் முழுகிவிடும். அப்படி ஒரு சாயந்திரம் டிராக்டரில் ஒரு பெண் எங்கள் ஆஸ்பத்திரிக்குப் பிரசவத்துக்கு வந்தாள், கூட அவள் அம்மா. நான் நர்சாக வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருஷம். "நீங்க வெளியவே இருங்கம்மா" என்று கதவைச் சாத்தினேன். அன்றைக்கு அதுதான் வழக்கம். உள்ளே அந்தப் பெண் ராத்திரி முழுக்க "அம்மா, அம்மா" என்றுதான் கத்தினாள். எங்கள் ஊரில் பல வீடுகளில் தெலுங்கு பேசுவார்கள். இந்தச் சொல் மட்டும் இரண்டு மொழிக்கும் பொது. சம்பந்தப்பட்ட அம்மா கதவுக்கு அந்தப் பக்கம், படியில்.

வருஷங்கள் கழித்துத்தான் கனடா நாட்டுச் செவிலியர் எலன் ஹாட்நெட்டின் ஆய்வுகளைப் படித்தேன். பிரசவ வலியில் இருக்கிறவள் பக்கத்தில் ஓர் ஆள் விடாமல் கூடவே இருந்தால் என்ன ஆகிறது என்று கணக்குப் பார்த்தவர் அவர். 2017-ல் வந்த தொகுப்பில் 26 ஆய்வுகள், 15,000 பெண்களுக்கு மேல். கூட ஆள் இருந்தவர்களுக்கு சிசேரியன் குறைவு, வலி நேரமும் கொஞ்சம் குறைவு. படித்துவிட்டு எனக்கு அந்தப் படிதான் ஞாபகம் வந்தது.

பிறப்பு முதல் முதுமை வரை கனிவான பராமரிப்பு பற்றிச் செவிலியர் ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்பதுதான் இந்தப் பேச்சுக்கு எனக்குக் கொடுத்த தலைப்பு. பிறப்பிலேயே நேரம் ஓடுகிறது. ஆனாலும் ஒரு குழந்தையைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது.

எடை ஒரு கிலோ நானூறு. தாய்க்குப் பிரசவ ஜன்னி, வேறு வார்டில் இருக்கிறாள். அப்பன் விசைத்தறி ஓட்டுகிறவன், இருபத்துமூன்று வயசு இருக்கும்.

"ஏம்ப்பா, சட்டையைக் கழட்டு."

"எதுக்கு சிஸ்டர்?"

"உன் பிள்ளைய நெஞ்சுல கட்டப்போறேன்."

"அதெல்லாம் பொம்பளைங்க வேலை சிஸ்டர்..."

நெஞ்சு முடியெல்லாம் பஞ்சு ஒட்டியிருந்தது. இரண்டு தரம் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு வரச் சொன்னேன். தலைக்குக் குல்லா, இடுப்பில் துணி, அவ்வளவுதான் குழந்தைக்கு உடுப்பு. நெஞ்சில் நிமிர்த்தி வைத்து, காலைத் தவளை மாதிரி மடக்கி, முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி, பழைய நூல் புடவையால் இருவரையும் சேர்த்துக் கட்டினேன். அவன் பயத்தில் அசையவே இல்லை. "மூச்சு விடுப்பா" என்று சொல்ல வேண்டியிருந்தது. குழந்தையின் பாதத்தில் புறங்கையை வைத்துப் பார்ப்போம். சில்லென்று இருந்த பாதம் ஒரு மணி நேரத்தில் கதகதப்பாகிவிட்டது. நடு ராத்திரி போனால், தறிச் சத்தம் மாதிரி தொண்டைக்குள்ளேயே "டக்கு டக்கு" என்று ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருக்கிறான். "இந்தச் சத்தம் இல்லாம எனக்குத் தூக்கம் வராது சிஸ்டர்." பிள்ளை அருமையாகத் தூங்கியது.

கங்காரு பராமரிப்பு என்று பெயர். 1970-களின் கடைசியில் கொலம்பியாவின் பொகோடா நகரத்தில் இன்குபேட்டர் போதாமல் ஆரம்பித்தது. அமெரிக்காவில் சூசன் லூடிங்டன்-ஹோ என்ற செவிலியர் இரட்டைக் குழந்தைகளை ஆளுக்கொரு மார்பில் கிடத்தி அளந்தார். வலது மார்பு வலப்பக்கக் குழந்தைக்கு ஏற்றபடி, இடது மார்பு இடப்பக்கக் குழந்தைக்கு ஏற்றபடி தனித்தனியாகச் சூட்டைக் கூட்டிக் குறைத்திருக்கிறது! குழந்தைக்குச் சூடு தரும் எந்த வார்மரில் இந்த வசதி?

முதலில் வார்மர், உடல்நிலை நிலைப்பட்ட பிறகு நெஞ்சு என்பதுதான் அப்போதெல்லாம் முறை. டெல்லி சஃப்தர்ஜங் உட்பட ஐந்து நாட்டு மருத்துவமனைகளில், 3,211 குழந்தைகளை வைத்து இதைச் சோதித்தார்கள். எடை எல்லாம் ஒரு கிலோவிலிருந்து ஒண்ணே முக்கால் கிலோ சொச்சம். ஒரு பாதிக்குப் பழைய முறை. மறுபாதிக்குப் பிறந்த கையோடு நெஞ்சு, நாளுக்குப் பதினேழு மணி நேரம் போல. அம்மாவுக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவிலேயே கட்டில். 28 நாளில் பழைய முறையில் நூற்றுக்குப் பதினாறு குழந்தைகள் இறந்தன, புதிய முறையில் பன்னிரண்டு. பலன் தெளிவாகத் தெரிந்துவிட்டதால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். முடிவு 2021-ல் வெளியானது.

நேரத்தைக் காட்டுகிறார்கள். வளரிளம் பருவம், நடுவயது என்று குறிப்பில் நாலு பக்கம் இருக்கிறது, புரட்டிவிடுகிறேன். ஒன்று மட்டும்: பதினைந்து வயசுப் பெண்ணிடம் பேசும்போது இதுவரை சொன்னதற்கு நேர்மாறு. அம்மாவை ஐந்து நிமிஷம் வெளியே அனுப்ப வேண்டும்!

முதுமைக்கு வருகிறேன். பொதட்டூர்பேட்டைப் பக்கம் பக்கவாதத்தில் படுத்த ஒரு தாத்தா, பழைய கைத்தறிக்காரர். பல வாரம் போனேன். பிரஷர் பார்ப்பேன், மருமகளிடம் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் திருப்பிப் போடச் சொல்வேன், கிளம்புவேன். அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒரு நாள் எனக்கே முழங்கால் வலி. பக்கத்தில் இருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவர் திரும்பிப் பார்த்து, குழறலாக, "குதிகால் எரியுதும்மா" என்றார். போர்வையை விலக்கினால் வலது குதிகாலில் செக்கச் சிவப்பாகப் படுக்கைப்புண் ஆரம்பம். இத்தனை வாரம் நின்றபடி நான் பார்க்காத இடம்.

அமெரிக்காவில் கான்சஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் கெல்லி ஸ்வேடன் என்ற செவிலியரும் கூட்டாளிகளும் 2012-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. நோயாளியிடம் மருத்துவர் உட்கார்ந்து பேசியது ஒரு நிமிஷத்துக்குச் சற்று மேல்தான். நோயாளிகளுக்கோ அது ஐந்து நிமிஷமாகத் தோன்றியிருக்கிறது.

உட்காரவும் ஆள் வேண்டும் அல்லவா? லிண்டா எய்க்கன் என்ற செவிலியர் 2002-ல் காட்டினார்: அறுவை சிகிச்சை வார்டில் ஒரு நர்சின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினால், முப்பது நாளுக்குள் இறப்பதற்கான வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது. "அந்த சிஸ்டர் முகம் கொடுத்தே பேசலை" என்று கோபப்படுமுன் அந்த வார்டில் எத்தனை கட்டில் என்று எண்ணிப் பாருங்கள். சண்டை போடத்தான் வேண்டுமென்றால் அந்தக் கணக்கைக் கேட்டுப் போடுங்கள்.

2021 ஆகஸ்டிலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் உங்கள் தெருவுக்கும் வருகிறது. வரும் சிஸ்டருக்கு இன்னும் இருபது வீடு இருக்கும், நிற்கத்தான் பார்ப்பார். தாத்தாவோ பாட்டியோ படுத்திருக்கும் கட்டிலோரத்தில் முன்கூட்டியே ஒரு ஸ்டூலைப் போட்டு வையுங்கள். உட்கார்ந்துவிடுவார் என்று நம்புகிறேன்.